குறுந்தகடும் ஒரு குறிப்பேடும்



நூல்களின் அழிவு இருவகைப்படும். ஏடு செல்லரித்தும் நீரில் நனைந்தும் நெருப்பில் வெந்தும் அழிவது ஒருவகை. ஏடு கெடாமல் இருக்கவும், அதனைத் திறக்கும் வழி அடைபட்டுப் போவதால் அழிவது மற்றொரு வகை. முன்னதனைத் தமிழ் பயில்வோர் யாவரும் அறிவர். பதிப்பாசிரியர்களின் முன்னுரைகள் அத்துயரத்தை நிறையவே பேசியிருக்கின்றன. பின்னதனை யாம் எம் இல்லத்திலேயே கண்டோம். கண்டோம் என்பதினும், எம் கையாலேயே நிகழ்த்தினோம் என்பதே உண்மை. துறை மலருக்குக் கட்டுரை வேண்டுமென மாணவர்கள் கேட்டபோது, காப்பிய ஆய்வு ஒன்றை எழுதித் தருவதே எம் எண்ணமாக இருந்தது. ஆயினும் கால் நூற்றாண்டாக நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்த செய்தியொன்று இப்போதுதான் சொல்லத்தக்க நிலையை எய்தியுள்ளது. அதனையே எழுதத் துணிந்தோம்.

மாமாவின் தேடல்

எம் தாய்மாமா 1970களின் இறுதியில் காயல்பட்டினத்திலிருந்து குவைத்துக்குச் சென்றவர். ஒரு வணிக நிலையத்தில் கணக்கெழுதினார். இளமையில் மதரஸாவில் ஓதியவர்; ஊர்ப் பெரியவர்களிடம் அமர்ந்து சீறாப்புராணத்தைப் பாடம் கேட்டவர். இவ்விரண்டு கல்வியும் அவருள் ஒன்றோடொன்று உரையாடிக்கொண்டே இருந்தன. உமறுப் புலவர் பாடிய ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஹதீஸ் நூல்களில் மூலம் எங்கே உள்ளது என்பதைப் படலம் படலமாகத் தேடிக் குறிக்கவேண்டும் என்பதே அவருடைய வாழ்நாள் ஆசை. மூன்று காண்டம், 92 படலம், 5027 பாடல் கொண்ட பெருநூல் அது. ஹதீஸ் தொகுப்புகளோ கடல். இவ்விரண்டையும் பக்கம் புரட்டி ஒப்பிடுவதற்கு ஒருவருடைய ஆயுள் போதாது என்பதனை அவரும் அறிந்திருந்தார்.

குவைத்தில் முகம்மது அல்-ஷாரிக் என்பார் 1982இல் தொடங்கிய சக்ர் நிறுவனம், ஜப்பானில் உருவான எம்.எஸ்.எக்ஸ். வகை வீட்டுக் கணினிகளை அரபு மொழியில் இயங்குமாறு செய்து விற்றது. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்துப் பயன்படுத்தும் சிறிய கருவி அது. 1985இல் அந்நிறுவனம் திருக்குர்ஆனைக் கணினித்திரையில் தேடிப் படிக்க உதவும் நிரலை வெளியிட்டது. மாமா தம் முதலாளியின் இல்லத்தில் அதனைக் கண்டார். ஒரு சொல்லைத் தட்டினால் அச்சொல் வரும் வசனங்கள் திரையில் அணிவகுத்து நின்றன. "ஹாபிழ் ஒருவரின் நெஞ்சைத் திறந்து பார்த்ததுபோல் இருந்தது மருமகனே" என்று பின்னாளில் எம்மிடம் பலமுறை கூறியிருக்கிறார். இதேபோல் ஹதீஸ் தொகுப்புகளும் வந்துவிட்டால் தம் ஆசை நிறைவேறும் என்ற நம்பிக்கை அன்று அவருக்குப் பிறந்தது.

1990 ஆகஸ்டு 2ஆம் நாள் ஈராக் படைகள் குவைத்தினுள் புகுந்தன. அவ்வாண்டு அம்மான் நகர் வழியாக வான்வழியே தாயகம் கொண்டுவரப்பட்ட ஏறத்தாழ 1,70,000 இந்தியருள் எம் மாமாவும் ஒருவர். ஒரு கைப்பையும் உடுத்த உடையுமாக வந்து சேர்ந்தார். 1992இல் மீண்டும் துபாய் சென்றார். 1995இல் மனைவியை இழந்து, பிள்ளைப்பேறும் இன்மையால், தம் தங்கையாகிய எம் உம்மாவின் இல்லத்திற்கே நிலையாகத் திரும்பினார். அப்போது அவரோடு வந்தது ஒரு 486 வகைக் கணினி. அதனுள் ஒரு சி.டி. ராம் டிரைவ், ஒரே ஒரு குறுந்தகடு. அக்குறுந்தகட்டில் ஹதீஸ் தொகுப்புகள் தேடும் வசதியுடன் அடங்கியிருந்தன.

பெரிய கொள்கலம்

இன்றைய மாணவர்க்கு இதன் அருமை விளங்குதல் அரிது. ஆகலின் சிறிது விளக்குவோம். பிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய இசைக் குறுந்தகடு 1982இல் விற்பனைக்கு வந்தது. அதே தகட்டில் இசைக்கு மாறாக எழுத்தையும் நிரலையும் பதியும் முறை 1983இல் வகுக்கப்பட்டது. தகட்டின் பரப்பு சிறுசிறு கூறுகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு கூற்றிலும் 2048 எழுத்தளவு தரவு வைக்கப்பட்டது. நொடிக்கு 75 கூறுகள் படிக்கப்படும்; அதாவது நொடிக்கு 150 கே.பி. ஒரு தகட்டின் மொத்தக் கொள்ளளவு 650 எம்.பி. அக்காலத்துப் பிளாப்பி ஒன்று கொண்டது 1.44 எம்.பி. மட்டுமே. நானூற்றைம்பது பிளாப்பிகளை அடுக்கினால் ஒரு குறுந்தகட்டுக்கு ஈடாகும்.

இவ்வருமையை முதலில் உணர்ந்தவர்களுள் நம்மைப் போன்ற மொழி ஆய்வாளர்களும் இருந்தனர் என்பது தமிழ்த்துறையினர் மகிழத்தக்க செய்தி. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் பழைய கிரேக்க இலக்கியம் முழுவதையும் கணினியில் ஏற்றும் பணி 1972இல் தொடங்கிற்று. அதன் முதற் குறுந்தகடு 1985இல் வெளிவந்தது. அதே ஆண்டில் கலைக்களஞ்சியம் ஒன்றும் குறுந்தகட்டில் ஏறியது.

ஆயினும் வீட்டுக் கணினிகள் இக்கொள்கலத்தை எதிர்பார்த்துப் பிறந்தவை அல்ல. நாடாவிலும் பிளாப்பியிலும் பழகிய அவற்றோடு இதனைச் சேர்ப்பதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியை நாடினர். இங்கிலாந்தில் 1989இல், சாதாரண இசைத்தகட்டுக் கருவியிலிருந்து ஒரு கம்பியை இழுத்து, ஸ்பெக்ட்ரம், காமடோர் 64 முதலிய சிறு கணினிகளில் விளையாட்டுகளை ஏற்றும் முறை விற்பனைக்கு வந்தது. ஆப்பிள் நிறுவனம் 1988இல் வெளியிட்ட புறக்கருவி மெக்கின்டாஷ் கணினியோடு பழைய ஆப்பிள் இரண்டாம் வரிசைக் கணினிகளுடனும் தக்க அட்டை ஒன்றின் துணையால் இணைந்தது. 1992இல் அமிகா 500 கணினிக்கும் பக்கவாட்டில் பொருந்தும் டிரைவ் ஒன்று வந்தது. மாமாவின் 486 கணினியிலோ டிரைவின் கம்பி தாய்ப்பலகைக்குச் செல்லவில்லை. ஒலிக்காக அமைந்த சவுண்டு கார்டில் சென்று முடிந்தது. அக்காலத்தில் அதுவே பெருவழக்கு. இச்சிறு செய்தி பின்னர்ப் பெருந்துன்பம் தந்தது.

யாம் செய்த பிழை

இஷாத் தொழுகைக்குப் பின் நாள்தோறும் இரண்டு மணி நேரம் மாமா கணினியின் முன் அமர்வார். தகட்டைத் தட்டில் வைத்து உள்ளே தள்ளியதும் அது 'ஊம்' என்று சுழலும் ஓசை வீடெங்கும் கேட்கும். அந்நிரலில் ஒவ்வொரு ஹதீஸுக்கும் அருகே நம் குறிப்பை எழுதி வைக்க இடமுண்டு. குறிப்புகள் ஹார்டு டிஸ்கில் பதியும். ஆயினும் குறுந்தகடு டிரைவில் இருந்தாலன்றி நிரல் திறவாது. அந்நிரல் அரபு எழுத்தை மட்டுமே ஏற்றது. மாமா அதற்காகச் சிறிதும் கலங்கவில்லை. நம் முன்னோர் நூற்றாண்டுகளாகச் செய்ததையே செய்தார்: தமிழை அரபு எழுத்தில் எழுதினார்.

அப்போது யாம் மேல்நிலைப் பள்ளி மாணவர். 1998இல் நண்பர் ஒருவர் பிளாப்பிகளில் கொணர்ந்து கொடுத்த கணினி விளையாட்டு ஒன்று எம்மை ஆட்டிப்படைத்தது. அதனை இயக்கினால், நினைவகம் போதாது என்னும் அறிவிப்பே வந்தது. எம்.எஸ். டாஸ் முறையில் கணினி எத்தனை நினைவகம் உடையதாயினும், நிரல்கள் நேராகப் புழங்குவதற்கு முதல் 640 கே.பி. மட்டுமே இடம். கணினி எழும்போதே அவ்விடத்தில் சில துணைநிரல்கள் வந்து அமர்ந்துவிடும். அவற்றை அகற்றினால் இடம் கிடைக்கும் என்று நண்பர் வழி சொன்னார். யாம் தொடக்கக் கோப்புகள் இரண்டையும் திறந்து, எமக்குப் பொருள் விளங்காத வரிகளை எல்லாம் நீக்கினோம். வன்தட்டில் இடம் வேண்டுமென்று, அவ்வரிகள் சுட்டிய கோப்புகளையும் அழித்தோம். விளையாட்டு அழகாக ஓடிற்று.

அன்றிரவு மாமா அமர்ந்தார். தகடு சுழன்றது, நிரல் திறக்கவில்லை. எம்மை அழைத்து, "நீ எதையாவது தொட்டாயா மருமகனே?" என்று கேட்டார். "இல்லை மாமா" என்றோம்.

அடுத்த வாரம் அருகிலிருந்த நகரத்துக் கணினிக் கடைக்கு டிரைவைக் கழற்றி எடுத்துச் சென்றார். கடைக்காரர் அதனைத் தம் கணினியின் கம்பியில் செருகிப் பார்த்தார், உயிரில்லை. பிறகு புதிய டிரைவ் ஒன்றை மாமாவின் சவுண்டு கார்டில் செருகிப் பார்த்தார், அதுவும் இயங்கவில்லை. பழையது கெட்டுவிட்டது, புதியது இக்கணினிக்குச் சேராது என்று முடிவு கூறினார். அவர்மீது குற்றமில்லை. இரண்டு செருகியும் நாற்பது ஊசிகள் கொண்டவை. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஆனால் அந்த டிரைவ் அதனைச் செய்தவரின் தனி முறைப்படி பேசுவது. கடையிலிருந்தது பிற்காலத்தில் எல்லார்க்கும் பொதுவாக அமைந்த முறையில் பேசுவது. உருவம் ஒத்தும் மொழி ஒவ்வாத இருவரை எதிரெதிரே நிறுத்தி, இருவரும் ஊமையர் என்று முடிவு கட்டியதாயிற்று. உண்மையைச் சொல்ல வேண்டிய யாம் அருகிலேயே நின்றிருந்தோம். வாய் திறக்கவில்லை.

மாமா கணினியைத் துணியால் மூடிவைத்தார். சில மாதங்கள் தாளில் எழுத முயன்றார். கண்பார்வை மங்கி வந்தமையால் அது நீளவில்லை. 2001இல் இறைவனடி சேர்ந்தார். கணினி பரண்மேல் ஏறியது.

நிலைமொழியும் வருமொழியும்

2023இல் இல்லத்தைப் பழுதுபார்த்தபோது அது கீழே இறங்கியது. இம்முறை யாம் மறைக்கவில்லை. எம் மாணவர் ஒருவரிடம் நடந்ததைக் கூறினோம். கணினியில் நாட்டமுடைய அவர், மின்னணுக் கருவிகள் பழுதுபார்க்கும் தம் அண்ணனையும் அழைத்து வந்தார். மூவருமாக மூன்று வாரம் உழைத்தோம்.

அவர்கள் உடனே மின்சாரத்தைக் கொடுத்துவிடவில்லை. முதலில் மூடியைக் கழற்றினார்கள். தாய்ப்பலகையில் இருந்த சிறு மின்கலம் கசிந்து பச்சை படர்ந்திருந்தது. அதனை அகற்றித் துடைத்தார்கள். மின்கலம் இல்லாமையால் கணினிக்குத் தன் வன்தட்டின் அளவே மறந்து போயிருந்தது. வன்தட்டின் மேலொட்டிய தாளில் அச்சிட்டிருந்த எண்களைப் பார்த்துத் தட்டிக் கொடுத்தோம். அதன்பின் திரையில் அந்தப் பழைய எழுத்துகள் எழுந்தபோது எம் உள்ளம் நடுங்கிற்று என்பதை மறைப்பானேன்? உடனே வன்தட்டு முழுவதையும் புதிய கணினியில் நகலெடுத்து வைத்தோம். குறிப்புகள் அடங்கிய கோப்பு அதில் இருந்தது. ஆனால் அந்நிரலன்றிப் பிறிதொன்றால் படிக்க இயலாத வடிவில் இருந்தது.

பழைய கணினியைப்போல் நடிக்கும் எமுலேட்டர் நிரல்கள் இந்நாளில் உண்டு. குறுந்தகட்டை மட்டும் நகலெடுத்துவிட்டால் மடிக்கணினியிலேயே எல்லாவற்றையும் திறக்கலாம் என்றார் மாணவர். தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்த அவர் அண்ணன் தடுத்தார். நடுத்துளையின் ஓரத்தில் மயிரிழை போன்றதொரு விரிசல் இருந்தது. முதல்வேக டிரைவில் தகடு உள்விளிம்பில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 500 சுற்றும், வெளிவிளிம்பில் 200 சுற்றும் சுழலும். மாமாவின் டிரைவ் இருமடங்கு வேகத்தது. 1000 சுற்றைத் தாண்டாது. பின்னாளில் வந்த 52 மடங்கு வேகத்து டிரைவ்களில் தகடு நிமிடத்திற்குப் பத்தாயிரம் சுற்றளவில் சுழலும். விரிசல் கண்ட தகடுகள் அவ்வேகத்தில் உள்ளேயே சிதறியதுண்டு. வேகத்தைக் குறைக்க வழியுண்டு எனினும், ஒரே தகட்டை வைத்துக்கொண்டு துணிய எவர்க்கும் மனமில்லை. மெல்லச் சுழலும் அந்தப் பழைய டிரைவே பாதுகாப்பானது என்று முடிவாயிற்று. காலத்தால் பின்தங்கியதென ஒதுக்கப்பட்ட கருவியே இப்போது கைகொடுக்க வேண்டியதாயிற்று.

டிரைவின் தட்டு வெளியே வரவில்லை. உள்ளிருந்த ரப்பர் வார் இளகிக் களிம்பாகியிருந்தது; புதிய வார் இட்டார்கள். கண்ணாடி வில்லையை ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் மெல்லத் துடைத்தார்கள். எஞ்சியது யாம் அழித்த துணைநிரல். அதற்கு டிரைவர் என்று பெயர். பழங்கணினி ஆர்வலர்கள் உலகெங்கும் இத்தகைய கோப்புகளைத் தேடித் தொகுத்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள். எம் மாணவர் அங்கிருந்து எடுத்துப் பிளாப்பியில் ஏற்றிக் கொண்டுவந்தார்.

இவ்விடத்தில்தான் எம் துறையறிவு சற்றே பயன்பட்டது. பழைய கணினியை நிலைமொழி என்று கொள்க. குறுந்தகட்டு டிரைவை வருமொழி என்று கொள்க. நிலைமொழி தோன்றிய காலத்தில் வருமொழியைப் பற்றி அதற்கு ஏதும் தெரியாது. இரண்டும் புணர்வதற்கு இடையே ஒரு சாரியை வேண்டும். இங்கே சாரியைகள் இரண்டு. டிரைவர் என்பது டிரைவின் தனிமொழியை அறிந்தது. எம்.எஸ்.சி.டி.இ.எக்ஸ். என்னும் மற்றொன்று டாஸின் மொழியை அறிந்தது. டாஸ் பிளாப்பியையும் வன்தட்டையும் மட்டுமே அறியும். குறுந்தகட்டின் அமைப்பு அதற்குப் புதிது. ஆகவே எம்.எஸ்.சி.டி.இ.எக்ஸ். ஒரு நயமான உபாயம் செய்தது: குறுந்தகட்டை, வலைப்பின்னலில் தொலைவிலிருக்கும் வேறொரு கணினியின் தட்டுப்போல டாஸுக்குக் காட்டியது. டாஸும் அதனை நம்பி ஓர் எழுத்தைப் பெயராகச் சூட்டி ஏற்றுக்கொண்டது.

இரண்டு கோப்புகளிலும் வரிகளை எழுதினோம்; கணினி அசையவில்லை. ஒரு மாலை முழுதும் வீணாயிற்று. கடைசியில் மாணவர் கண்டறிந்தார்: முதற்கோப்பில் டிரைவருக்கு இட்ட பெயரும், இரண்டாம் கோப்பில் எம்.எஸ்.சி.டி.இ.எக்ஸ். அழைக்கும் பெயரும் ஓரெழுத்தில் வேறுபட்டிருந்தன. எழுவாய்க்கும் பயனிலைக்கும் இயைபு இல்லையேல் தொடர் பொருள் தராது என்று வகுப்பில் நாளும் சொல்லும் யாம், அவ்விடத்தில் அதனைக் காணத் தவறினோம். பெயர்களை ஒன்றாக்கினோம். மீண்டும் கணினியை எழுப்பினோம். திரையில் ஒரு வரி தோன்றியது. டிரைவின் பச்சை விளக்கு மின்னியது. பிறகு அந்த 'ஊம்' என்னும் ஓசை.

சமையலறையில் இருந்த உம்மா கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வந்து வாயிலில் நின்றார்கள். "காக்காவுடைய பெட்டியா அது?" என்றார்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் அவ்வோசையை அவர்கள் மறக்கவில்லை.

உம்மா படித்தது

தகட்டில் இருந்த 280 எம்.பி. அளவு கோப்புகளை வேறொரு பழைய வன்தட்டுக்கு நகலெடுத்தோம். ஒரு மணி நேரத்திற்கும் மேலாயிற்று. அவ்வளவு நேரமும் எவரும் பேசவில்லை. நகல் முடிந்ததும் தகட்டை வெளியே எடுத்துப் பார்த்தோம். விரிசல் அப்படியே இருந்தது. அதன்பின் அத்தகட்டை எந்த டிரைவிலும் இடவில்லை. நகலெடுத்த கோப்புகளைப் புதிய கணினியின் எமுலேட்டரில் குறுந்தகடாகப் பாவித்து, தகட்டுக்கிருந்த பெயரையே அதற்கும் இட்டபோது நிரல் திறந்துகொண்டது. மாமாவின் குறிப்புகள் ஏறத்தாழ முந்நூறு கண்ணெதிரே நின்றன.

ஆனால் எம்மால் படிக்க இயலவில்லை. அரபுத்தமிழில் தமிழுக்கே உரிய ஒலிகளைக் குறிக்க நம் முன்னோர் அரபு எழுத்துகளின்மேல் கூடுதல் புள்ளிகளை இட்டுத் தனி எழுத்துகளை வகுத்திருந்தனர். கணினியின் விசைப்பலகையில் அவ்வெழுத்துகள் இல்லை. ஆகவே மாமா உள்ளதைக் கொண்டு எழுதியிருந்தார். லகர ளகரங்களுக்கு ஒரே எழுத்து; னகர ணகரங்களுக்கு ஒரே எழுத்து; உயிர்க்குறிகளும் இல்லை. மனமா மணமா, வலியா வளியா என்று ஒவ்வொரு சொல்லிலும் யாம் தடுக்கி விழுந்தோம். எம்.ஃபில். பட்டம் அங்கே உதவவில்லை.

உம்மாவுக்கு வயது எழுபத்தைந்து. பள்ளிக்கூடம் சென்றவர்கள் அல்லர். தமிழ் எழுத்து அவர்களுக்குச் சரளமாக வராது. சிறுமியாக இருந்தபோது வீட்டிலேயே ஓதக் கற்று, அரபுத்தமிழ்க் கிதாபுகளை வாசித்து வளர்ந்தவர்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையின் அருகில் வந்து, முதற் குறிப்பைப் பேச்சுப்போலப் படித்தார்கள். எங்கும் தடுக்கவில்லை. "காக்கா பேசுவதுபோலவே இருக்கிறதே, இதில் என்ன தெரியவில்லை?" என்று எம்மையே கேட்டார்கள். நாள்தோறும் அஸருக்குப் பின் அவர்கள் படிக்க, எம் மாணவர்கள் இருவர் தமிழில் எழுதிக்கொண்டனர். நாற்பது நாளில் முடிந்தது.

அக்குறிப்புகளின் நேர்மை எம்மை வியக்க வைத்தது. மதியை அழைப்பித்த படலத்திற்குப் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள மூலங்களை எண்ணுடன் காட்டியிருந்தார். மானுக்குப் பிணைநின்ற படலத்திற்கு வந்தபோது, இத்தகட்டில் உள்ள தொகுப்புகளில் தேடியும் காணவில்லை, வேறு நூல்களில் பார்க்கவேண்டும் என்று எழுதியிருந்தார். தாம் சிறுவயது முதல் உருகிப் பாடிய படலமாயிற்றே என்று அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. கிட்டாததைக் கிட்டவில்லை என்றே எழுதினார். முனைவர் பட்ட ஆய்வேடுகள் சிலவற்றில் யாம் தேடியும் காணாத பண்பு அது.

விலாதத்துக் காண்டத்தின் 24 படலங்களும் நுபுவ்வத்துக் காண்டத்தின் 21 படலங்களும் முற்றுப்பெற்றிருந்தன. ஹிஜ்றத்துக் காண்டத்தில் மூன்றாம் படலத்தின் நடுவே குறிப்புகள் நின்றுவிட்டன. கடைசிக் குறிப்பின் நாள், யாம் விளையாட்டை இயக்கிய நாளுக்கு முந்திய இரவு.

அன்று உம்மாவிடம் எல்லாவற்றையும் கூறினோம். சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "காக்காவுக்கு அன்றைக்கே தெரியும் வாப்பா. பிள்ளை பயந்து பொய் சொல்லிவிட்டான், இனிமேல் அவனிடம் கேட்காதே, அவமானப்படுவான் என்று என்னிடம் சொன்னார்கள். கேட்டிருந்தால் நல்லதாகப் போயிருக்கும் போல" என்றார்கள். எமக்கு மறுமொழி இல்லை.

நிறைவாக

இப்பிழை எமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1086இல் மன்னன் ஆணைப்படி நாடு முழுவதையும் கணக்கெடுத்து எழுதிய ஏடு இன்றும் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் படிக்கும் நிலையில் இருக்கிறது. அதன் 900ஆம் ஆண்டு நிறைவையொட்டி 1986இல் பி.பி.சி. நிறுவனம், பள்ளி மாணவரும் பொதுமக்களும் எழுதியளித்த செய்திகளைத் தொகுத்து, பெரிய ஒளித்தகடுகளில் பதிந்து, அக்காலத்துச் சிறு கணினியோடு இணைத்துப் படிக்குமாறு வெளியிட்டது. பதினாறே ஆண்டுகளில் அதனைப் படிக்கும் கருவிகள் அருகிப்போயின. 2002இல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் கூட்டு முயற்சியால், பழைய கணினியின் பாவனையை உருவாக்கி அதனை மீண்டும் திறந்தனர். தோலில் எழுதியது ஒன்பது நூற்றாண்டு நின்றது. தகட்டில் எழுதியது ஒரு தலைமுறைக்குள் தள்ளாடியது.

ஆகலின் தகடு தீது என்றும் தோல் நன்று என்றும் கூறுவது எம் கருத்தன்று. ஒளித்தகடு இல்லையேல் மாமா 45 படலங்களைக் கடந்திருக்கவே முடியாது. 17ஆம் நூற்றாண்டில் ஓலையில் எழுந்த சீறாப்புராணம் இன்று நம் கையில் இருப்பதற்குக் காரணம் ஓலையின் வலிமையன்று. ஏடு பெயர்த்து எழுதியோரும், ஏடுகளைத் தேடி ஒப்பிட்டு 1842இல் அச்சேற்றிய புலவர் நாயகமும் வழிவழி நின்றமையே. ஹதீஸுக்கு அறிவிப்பாளர் தொடர் எவ்வாறோ அவ்வாறே எந்த நூலுக்கும் படிப்போர் தொடர் வேண்டும். நடுவே ஒருவர் பொறுப்பின்றி நடந்தால் தொடர் அறும். எம் இல்லத்தில் அந்த ஒருவர் யாமே.

பழைய டிரைவ்கள் இனி நெடுநாள் நில்லா. அவற்றின் ஒளிக்கண் ஆண்டுதோறும் மங்கி வருகிறது. பழங்கணினி ஆர்வலர்கள் பலர் இப்போதே டிரைவுக்கு மாற்றாக, சிறு நினைவக அட்டையைக் குறுந்தகடுபோல் காட்டும் கருவிகளைப் பொருத்துகிறார்கள். அதுவும் நன்றே. ஆனால் நகலெடுக்கப்படாத தகட்டுக்கு அக்கருவியால் பயனில்லை. ஆகவே மாணவச் செல்வங்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் எம் வேண்டுகோள் ஒன்றுண்டு. உங்கள் இல்லத்துப் பரணிலும் அலமாரியிலும் பழைய குறுந்தகடுகளும் பிளாப்பிகளும் கணினிகளும் இருக்கக்கூடும். வாப்பா வளைகுடாவிலிருந்து கொணர்ந்த பயான், பாட்டனார் தட்டச்சிட்ட குடும்ப வரலாறு, ஆலிம் ஒருவரின் உரைக்குறிப்பு எதுவும் அவற்றில் இருக்கலாம். பழைய இரும்புக்காரரிடம் போடுமுன் எம் துறைக்கு ஒருமுறை கொண்டு வாருங்கள். மாமாவின் கணினியும் டிரைவும் இப்போது துறையின் அறையில்தான் இருக்கின்றன. எம் மாணவர் வாரம் ஒருமுறை அவற்றை இயக்கிப் பார்க்கிறார்.

ஹிஜ்றத்துக் காண்டத்தின் மூன்றாம் படலத்தில் மாமா நிறுத்திய இடத்திலிருந்து யாம் தொடங்கியிருக்கிறோம். இதுவரை ஆறு படலங்கள் முடிந்துள்ளன. தாளில் ஒரு படி, கணினியில் ஒரு படி, மாணவர் இல்லத்தில் ஒரு படி என மூன்று படிகள் எடுத்து வைக்கிறோம். உம்மா ஒவ்வொரு வியாழன் மாலையும் எத்தனை ஆயிற்று என்று கேட்கிறார்கள். எஞ்சியவற்றையும் முடித்துத்தர இறைவன் அருள்புரிவானாக.